‘பதிவு இல்லை’ என்று எழுதுமுன் ஏட்டைத் திறக்க வேண்டும்

ஆண்டுதோறும் செப்டம்பர் 5ஆம் நாள் நாடெங்கும் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888ஆம் ஆண்டு அந்நாளில் திருத்தணியில் பிறந்தார் என்பதே 1962 முதல் நடந்துவரும் இவ்வழக்கத்திற்கு அடிப்படை. அவருடைய மகனும் வரலாற்றாசிரியருமான சர்வபள்ளி கோபால் 1989இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறோ வேறொரு செய்தியையும் தருகிறது. தாம் உண்மையில் பிறந்த நாள் 1887 செப்டம்பர் 20 என்றே இராதாகிருஷ்ணன் கருதினாராம். குடியரசுத் தலைவராக இருந்தவரின் பிறந்த நாளிலேயே ஓராண்டு இடைவெளி கிடக்கிறது.

அதே நிலப்பகுதியின் மற்றொரு புகழ்பெற்ற பிறப்பு ஜே. கிருஷ்ணமூர்த்தியுடையது. மதனப்பள்ளியில் பிறந்த அவருக்கு 1895 மே 4 தொடங்கி 1896 மே 25 வரை வெவ்வேறு பிறந்த நாள்கள் குறிக்கப்பட்டுள்ளன. பரவலாக ஏற்கப்பட்ட 1895 மே 11 கூட ஒரு கணக்கின்படிதான் சரி. நள்ளிரவு கடந்து அரை மணி நேரத்தில் பிறந்த குழந்தைக்குப் பஞ்சாங்கம் முந்தைய நாளையே சூட்டும். ஆங்கில நாட்காட்டியோ மே 12 என்று எழுதும். அச்சிறுவரும் அவர் தம்பியும் யார் பொறுப்பில் வளர வேண்டும் என்ற வழக்கு 1914இல் பிரிவி கவுன்சில் வரை சென்றது. வயது தெளிவாகத் தெரிய வேண்டிய வழக்கு அது.

இவ்விரு சான்றுகளையும் காட்டி, ‘அந்தக் காலத்தில் பிறப்பை யார் பதிந்தார்கள்?’ என்று தோளைக் குலுக்குவோர் உண்டு. சித்தூரிலும் திருப்பதியிலும் பாட்டன் பாட்டியின் பிறப்புப் பதிவைத் தேடிச் செல்வோர் அலுவலக வாசலில் முதலில் கேட்பதும் இதே விடைதான். இவ்விடை பாதி உண்மை. பாதி உண்மையை முழு உண்மையாக்கி, அதன்மேல் முத்திரை குத்திக் கொடுப்பதே இன்று நடக்கும் அநீதி.

வரலாறு வேறு விதமாக இருக்கிறது. 1886ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் சில பிரிவினர் விரும்பினால் பதிந்துகொள்ள வழி செய்தது. சென்னை மாகாணத்திற்கென 1899இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. அன்றைய வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகரம் சித்தூர். திருப்பதி அந்த ஜில்லாவின் சந்திரகிரி தாலுக்காவைச் சேர்ந்தது. கிராமத்தில் முன்சீப், நகரத்தில் நகராட்சி என்று பதிவாளர்கள் இருந்தனர். கிராம ஏட்டிலிருந்து தாலுக்கா கச்சேரிக்குக் கணக்குச் சென்றது. 1969ஆம் ஆண்டுச் சட்டம் 1970 ஏப்ரல் 1 முதல் பெரும்பாலான மாநிலங்களில் நடைமுறைக்கு வரும் வரை இந்த ஏற்பாடே நிலவியது. எல்லாப் பிறப்பும் பதிவாகவில்லை என்பது மெய். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இம்மண்ணில் பிறந்தவர்களுக்குப் பதிவே கிடையாது என்பது பொய்.

அவ்வாறாயின் தேடுபவருக்கு ஏன் கிடைப்பதில்லை? காரணங்கள் மூன்று. மூன்றும் அறியக்கூடியவை, மூன்றையும் அலுவலகங்கள் அறிய மறுக்கின்றன.

முதற் காரணம், எல்லைகள். 1911 ஏப்ரல் 1 அன்று வட ஆர்க்காட்டிலிருந்து சித்தூர், சந்திரகிரி, பலமனேர் முதலிய பகுதிகளும் ஜமீன் பகுதிகளும், கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு தாலுக்காக்களும் சேர்ந்து சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953 அக்டோபர் 1 அன்று அம்மாவட்டம் ஆந்திர மாநிலத்திற்குச் சென்றது. ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தையும் படாஸ்கர் தீர்ப்பையும் அடுத்து, 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. செங்கற்பட்டு மாவட்டத்தின் சத்தியவேடு பகுதி ஆந்திரத்திற்குப் போயிற்று. 1985இல் ஆந்திரத்தில் தாலுக்காக்கள் கலைந்து மண்டலங்கள் ஆயின. 1997இல் திருத்தணி திருவள்ளூர் மாவட்டத்தில் அடங்கிற்று. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. சத்தியவேடு அதில் சேர்ந்தது.

ஆகவே திருத்தணியில் 1905இல் பிறந்தவர் வட ஆர்க்காட்டுக்காரர். 1930இல் பிறந்தவர் சித்தூர்க்காரர். 1955இல் பிறந்தவர் ஆந்திர மாநிலத்தவர். 1965இல் பிறந்தவர் சென்னை மாநிலத்துச் செங்கற்பட்டுக்காரர். நால்வரும் ஒரே தெருவில் பிறந்திருக்கலாம். சத்தியவேட்டில் இதே கதை தலைகீழாக நடந்தது. ஊர் நகரவில்லை, ஏட்டின் முகப்பில் எழுதிய பெயர் நகர்ந்தது. இன்றைய மாவட்டப் பெயரைச் சொல்லி அன்றைய ஏட்டைக் கேட்பவருக்கு ‘எங்கள் எல்லையில் இல்லை’ என்ற விடை கிடைப்பதில் வியப்பில்லை. வியப்பு என்னவெனில், எந்த ஆண்டில் எந்த ஊர் எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது என்று காட்டும் ஓர் எளிய அட்டவணை கூட அந்த அலுவலகச் சுவர்களில் தொங்காததே.

இரண்டாம் காரணம், பெயர். பழைய ஏடுகள் மனிதரை அடையாளம் காட்டுவதற்காகத் தோன்றியவை அல்ல. காய்ச்சலும் காலராவும் எத்தனை உயிரைக் கொண்டுபோயின, எத்தனை உயிர் பிறந்தன என்று சுகாதாரத் துறை எண்ணுவதற்காகத் தொடங்கியவை. பெயர் சூட்டுமுன்பே பிறப்பு எழுதப்பட்டது. ஆகவே பல வரிகளில் குழந்தையின் பெயர்க் கட்டம் வெறுமையாகக் கிடக்கும். ஆண் அல்லது பெண் என்ற குறிப்பும், பெற்றோர் பெயரும், சாதியும், ஊரும், நாளும் மட்டும் இருக்கும். ‘முனியம்மாள்’ என்ற பெயரைக் கொண்டு தேடினால் எந்த முனியம்மாளும் அகப்படமாட்டாள். இன்ன ஊரில், இன்ன மாதத்தில், இன்னார்க்குப் பிறந்த பெண் என்று தேடினால் அகப்படக்கூடும். இன்றைய கணினித் தேடலோ பெயரை இடாமல் அடுத்த திரைக்கே நகர்வதில்லை. இருபது ஆண்டுப் பதிவுகளைக் கணினியில் ஏற்றிவிட்டு, கணினியில் இல்லாதது உலகிலேயே இல்லை என்று முடிவு கட்டுகிறார்கள்.

மூன்றாம் காரணம், காலக்கணக்கும் எழுத்தும். சித்தூர்ப் பகுதியில் தெலுங்குக் குடும்பமும் தமிழ்க் குடும்பமும் ஒரே தெருவில் வாழ்ந்தன. அறுபதாண்டுச் சுழற்சியின் பெயர்களையே இருவரும் வழங்கினர். ஆனால் முன்னவரின் ஆண்டு உகாதியன்றும் பின்னவரின் ஆண்டு சித்திரை முதல் நாளன்றும் பிறக்கிறது. 1938 ஏப்ரல் 10ஆம் நாள் பிறந்த குழந்தை தெலுங்கு வீட்டில் வெகுதானிய ஆண்டுக் குழந்தை. அடுத்த தமிழ் வீட்டில் ஈஸ்வர ஆண்டுக் குழந்தை. தெலுங்கரின் சைத்திரமும் தமிழரின் சித்திரையும் ஒலியில் நெருங்கினாலும் ஒரே மாதம் அல்ல. வருவாய்த் துறை ஆவணங்கள் பசலியைப் பின்பற்றும். பசலி ஜூலையில் தொடங்குவதால் அந்த ஏப்ரல் மாதம் பசலி 1347ஐச் சேர்ந்தது. 1938இலிருந்து 590ஐக் கழித்து 1348 என்று எண்ணுபவர் தவறான கட்டையே அவிழ்ப்பார். நள்ளிரவுக்குப் பின் பிறந்தவருக்கு ஒரு நாள் தள்ளிப்போவதைக் கிருஷ்ணமூர்த்தியின் சான்றே காட்டுகிறது. பாட்டி சொன்ன ஆண்டை மட்டும் பார்த்துவிட்டு ஏட்டை மூடுவது தேடல் ஆகாது. முன்னும் பின்னும் ஓரிரண்டு ஆண்டுகளையேனும் புரட்ட வேண்டும்.

எழுத்தின் சிக்கல் இதைவிடக் கசப்பானது. மாநிலம் பிரிந்தபோது எல்லைக் கல்லை நட்டவர்கள், எல்லைக்கு இப்பால் தெலுங்கிலும் அப்பால் தமிழிலும் எழுதிக் கிடக்கும் பழைய ஏடுகளை வாசிக்க யாரை அமர்த்துவது என்று எண்ணவில்லை. வாசிக்க இயலாத ஏடு அலுவலருக்கு இல்லாத ஏடாகிறது. திருப்பதியில் திருவேங்கடவன் பல்கலைக்கழகமும் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இரு மொழியும் அறிந்த மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் தீர்த்துவைக்கக்கூடிய குறை, எழுபது ஆண்டுகளாகக் குறையாகவே நிற்கிறது.

இவற்றுக்கு மேல், ஏடுகளைக் காத்துவந்த கைகளே ஒரு நாளில் மாறின. தமிழகத்தில் 1980 நவம்பரிலும் ஆந்திரத்தில் 1984 ஜனவரியிலும் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பிறப்பால் வரும் அதிகாரத்தை ஒழித்தது நியாயமே. ஆனால் கர்ணத்தின் வீட்டுத் திண்ணையிலும் பரணிலும் இருந்த காகிதங்களை எண்ணி வாங்கிப் பட்டியலிட்டுப் பாதுகாப்பதும் அந்த நியாயத்தின் பகுதியாக இருந்திருக்க வேண்டும். அதிகாரத்தைப் பறிப்பதில் காட்டிய விரைவு ஆவணத்தைக் காப்பதில் காட்டப்படவில்லை.

இனி, இந்த வாதத்தின் மையத்திற்கு வரலாம். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உரிய கட்டணம் செலுத்தும் எவரும் பதிவேட்டில் தேடச் செய்யலாம் என்கிறது. தேடியும் கிடைக்காவிடில் ‘பதிவு இல்லை’ என்ற சான்று தரப்படுகிறது. அச்சான்றின் படிவத்திலேயே, இன்ன ஆண்டுகளின் ஏடுகள் தேடப்பட்டன என்ற பொருள்படும் வாசகம் அச்சிடப்பட்டுள்ளது. ஏட்டைத் திறக்காமல் அதன்கீழ்க் கையொப்பமிடும் அலுவலர் ஒரு பொய்யைச் சான்றளிக்கிறார். அவர் சோம்பலால் செய்தாலும் பணிச்சுமையால் செய்தாலும் விளைவு ஒன்றே.

அப்பொய்யின்மேல் இரண்டாம் பொய் ஏறுகிறது. ஓராண்டு கடந்த பிறப்பைப் பதிய முன்பு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் ஆணை வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர் நிலையிலுள்ள நிர்வாக நடுவர்களின் ஆணை போதும். ‘பதிவு இல்லை’ சான்றும் உறுதிமொழிப் பத்திரமும் இணைத்தால் காலங்கடந்த பதிவு கிடைக்கிறது. உறுதிமொழியில் எழுதும் தேதி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் பள்ளிச் சேர்க்கையின்போது தலைமையாசிரியர் தம் வசதிக்கு எழுதிய ஜூன், ஜூலைத் தேதியிலிருந்து. இவ்வாறு 1938இல் ஒரு முறை பிறந்து மெய்யாகவே ஏட்டில் ஏறிய பெண், எண்பது ஆண்டு கழித்து வேறொரு நாளில், வேறொரு மாவட்டத்தில், ஏன், வேறொரு மாநிலத்திலும் இரண்டாம் முறை பிறக்கிறாள். பழைய வரி பரணில் உறங்குகிறது. புதிய வரி சட்டமாகிறது. பதிவில்லாதவருக்கு இரக்கத்தோடு சட்டம் திறந்து வைத்த வழி, பதிவுள்ளவரின் பதிவைப் புதைக்கும் குழியாக மாறிவிட்டது.

‘எப்படியோ ஒரு சான்று கிடைத்தால் சரிதானே?’ என்று கேட்போர், அச்சான்று எதற்கு வேண்டியிருக்கிறது என்பதை எண்ண வேண்டும். பட்டியல் சாதி உரிமைக்கு 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் குடும்பம் எம்மாநிலத்தில் நிலைத்திருந்தது என்பது கேள்வியாகிறது. அன்று பள்ளிப்பட்டு சென்னை மாநிலத்துச் சித்தூர் மாவட்டம். பின்னர் எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் சிதறிய கூலிக் குடும்பத்தின் பேரன், பாட்டனின் ஊரையும் சாதியையும் எதைக் கொண்டு நிறுவுவான்? நிலம் இருந்தவனுக்குப் பட்டா உண்டு. ஜாதகம் கணித்த வீட்டில் ஓலை உண்டு. கிறித்தவனுக்குத் திருமுழுக்கு ஏடு உண்டு. ஆர்க்காட்டு மிஷன் திருச்சபைகளின் பழைய ஏடுகளைக் கொண்டு பரம்பரையைத் தொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நிலமும் ஜாதகமும் திருச்சபையும் இல்லாதவனுக்கு அரசு எழுதிய ஒரே வரி, முன்சீப்பின் பிறப்பு ஏட்டில் உள்ள அந்தப் பெயரற்ற வரிதான். அதில் தந்தை பெயர் இருக்கிறது, சாதி இருக்கிறது, ஊர் இருக்கிறது. அதைத் தேட மறுப்பது அவனிடமிருந்து அவனுடைய ஒரே ஆவணத்தைப் பறிப்பதாகும்.

கடல் கடந்தவர்களின் நிலையும் இதனோடு பிணைந்தது. 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கும், 1903 முதல் சென்னை வழியாகப் பிஜிக்கும் சென்ற ஒப்பந்தக் கூலிகளில் வட ஆர்க்காட்டார் ஏராளம். கப்பல் பட்டியலும் குடிபெயர்வுச் சீட்டும் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம் என்று ஒவ்வொன்றாகக் குறித்தன. கூலியைச் சரக்காக எண்ணியவர்களே சரக்கின் ஊரைச் செவ்வனே எழுதி வைத்தனர். டர்பனிலிருந்து வரும் கொள்ளுப்பேத்தி ‘வட ஆர்க்காடு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வேலூரிலும் ஆர்க்காட்டிலும் அலைகிறாள். அவள் ஊரோ இன்று சித்தூரிலோ திருப்பதியிலோ இருக்கக்கூடும். அயல்நாட்டு ஆவணக் காப்பகத்தில் ஐந்து நிமிடத்தில் கிடைக்கும் பாட்டனின் பெயர், அவன் பிறந்த மண்ணின் அலுவலகத்தில் ஐந்து ஆண்டு அலைந்தாலும் கிடைப்பதில்லை.

அலுவலகத் தரப்பிலும் நியாயங்கள் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையன்று. தாள் தொட்டால் உதிர்கிறது. ஒரே எழுத்தருக்குப் பத்து வேலை. ஏடுகளைத் திறந்து போட்டால் பிறர் பிறப்பைத் தம் பிறப்பாகக் காட்டும் மோசடி பெருகும் என்ற அச்சமும் பொருளற்றதன்று. ஆனால் உதிரும் தாளுக்கு மருந்து படமெடுத்து வைப்பதே. பூட்டி வைத்தால் அது மேலும் உதிரும். மோசடி அச்சத்திற்கும் உலகம் வழி கண்டிருக்கிறது. ஸ்காட்லாந்து நூறாண்டு கடந்த பிறப்புப் பதிவுகளின் படங்களையே பொதுவில் திறந்து வைக்கிறது. இங்கிலாந்தில் 1837 முதலான பிறப்பு அட்டவணையை எவரும் பார்க்கலாம். தேட விடாமல் தடுப்பதால் மோசடி குறைவதில்லை. உறுதிமொழிப் பத்திரத்தின்மேல் நிற்கும் காலங்கடந்த பதிவுதான் மோசடிக்கு அகன்ற வாசல். மூல ஏடு அதன் பூட்டு.

குற்றம் அலுவலகங்களோடு முடிவதில்லை. வடக்கெல்லைப் போராட்டத்திற்கு விழா எடுக்கும் தமிழ் அமைப்புகள், மீட்ட மண்ணின் ஏடுகள் எந்த மாநிலத்தில் எந்தக் கிடங்கில் கிடக்கின்றன என்று ஒரு பட்டியல் கேட்டதுண்டா? எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அரசர் செப்பேடும் கவர்னர் குறிப்பும் தேடும் ஆய்வுலகம், கூலிக்காரியின் பிறப்பு வரியை ஆவணமாக மதித்ததுண்டா? குடும்ப வரலாறு எழுதுவோரிலும் ஒரு சாரார், ஏடு கிடைக்காத இடத்தில் ஏதேனும் ஒரு பாளையக்காரனை மூதாதையாக ஒட்டவைத்து நூல் அச்சிடுகின்றனர். அலுவலர் இல்லாததாக்கிய பாட்டனை இவர்கள் வேறொருவனாக்குகிறார்கள்.

செய்ய வேண்டியவை அரியவை அல்ல.

1. 1899ஆம் ஆண்டுச் சட்டக் காலம் முதல் 1970 வரையான பிறப்பு ஏடுகளில் எந்த ஊரின் எந்த ஆண்டு ஏடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது, எது அழிந்தது என்ற இருப்புப் பட்டியலைச் சித்தூர், திருப்பதி, திருவள்ளூர் மாவட்ட நிர்வாகங்கள் கூட்டாக வெளியிட வேண்டும்.

2. 1911, 1953, 1960, 1985, 1997, 2022 ஆகிய மாற்றங்களைக் காட்டும் ஊர்வாரி அட்டவணை ஒவ்வொரு வட்டாட்சியர், சார்பதிவாளர், நகராட்சி அலுவலகத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் வைக்கப்பட வேண்டும்.

3. ‘பதிவு இல்லை’ சான்றில் எந்த ஊரின் எந்த ஏடு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, யாரால் தேடப்பட்டது என்பது எழுதப்பட வேண்டும். ஏடே கைவசம் இல்லாவிடில் ‘ஏடு இல்லை’ என்று எழுத வேண்டும். ஏடு இல்லாமையும் பதிவு இல்லாமையும் வேறு வேறு.

4. தேடல் விண்ணப்பத்தில் குழந்தையின் பெயர் கட்டாயமாக இருத்தலாகாது. தந்தை பெயர், ஊர், ஏறத்தாழ ஆண்டு ஆகியவை போதும் என்றாக வேண்டும்.

5. நூறாண்டு கடந்த ஏடுகள் படமெடுக்கப்பட்டு அனைவருக்கும் திறக்கப்பட வேண்டும்; அதற்குப் பிந்தையவை குடும்பத்தாருக்கும் உரிய ஆய்வாளருக்கும் கிடைக்க வேண்டும்.

2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளி, கடவுச்சீட்டு, வாக்காளர் பட்டியல் முதலிய பலவற்றுக்கும் பிறப்புச் சான்றே தேதிக்கும் இடத்திற்கும் ஆதாரம் என்று சட்டம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தோரின் குடியுரிமையோ பெற்றோரின் குடியுரிமையைச் சார்ந்து நிற்கிறது. குடிமகனிடம் ஆவணம் கேட்கும் அரசு ஆண்டுக்கு ஆண்டு கண்டிப்பாகிறது. கண்டிப்பு இரு வழிப் பாதையாக வேண்டும். குடிமகனின் பாட்டியைப் பற்றி அரசே எழுதி, அரசே வைத்திருக்கும் வரியைத் தேடித் தரும் கடமை அரசுக்கு உண்டு. எந்தச் சித்தூர் அலுவலரும் எந்தத் திருப்பதி அலுவலரும் அடுத்த ‘பதிவு இல்லை’ சான்றில் கையொப்பமிடுமுன் ஒருமுறை எழுந்து சென்று, அலமாரியைத் திறந்து, அந்த ஊரின் ஏட்டை மேசையில் வைத்துப் புரட்டட்டும். அதன்பின் ‘இல்லை’ என்று எழுதினால் எவரும் குறை சொல்லப்போவதில்லை.